செல்லாத பொம்மைகள்: விலையும் விதியும் குறித்து ஒரு டூல் ரூம்காரனின் குறிப்புகள்

போன ஆடி மாதம் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்தபோது கையில் ஒரு செருப்பு டப்பா வைத்திருந்தான். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ்ஸுக்குள் யாரோ சாய்ந்து அது நசுங்கிவிட்டதாம். திறந்தால் பஞ்சுக்கு நடுவே ஒரு டிராகன். அரை அடி உயரம், பெயிண்ட் அடித்தது, ஒவ்வொரு செதிலுக்கும் தனியாக நிழல் கொடுத்தது. ஒரு இறக்கை தோளோடு முறிந்து கிடந்தது.

“மாமா, ஒட்டித் தர முடியுமா?”

“எவ்வளவுடா இது?”

“பதினெட்டாயிரம். கொரியர் தனி.”

நான் பதினேழு வருஷம் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாக ஒரு சின்ன ஷெட் வைத்து மோல்டு ரிப்பேர், ஜாப் வொர்க் செய்கிறேன். பிளாஸ்டிக்கைப் பார்த்தால் முதலில் எடை போடுவதுதான் பழக்கம். தராசில் வைத்தேன். இருநூறு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. பாலிஸ்டைரின். கிலோ நூற்றிருபது, நூற்றிமுப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சரக்கு. ஆக உள்ளே இருப்பது இருபத்தைந்து ரூபாய் பிளாஸ்டிக்.

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. “ஒட்டினாலும் பெரிய பிரயோஜனம் இல்ல மாமா. அடுத்த வருஷத்திலிருந்து போட்டியில இது செல்லாது. ரூல் மாத்திட்டாங்க” என்றான்.

‘செல்லாது’ என்ற அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. இருபத்தைந்து ரூபாய் பொருள் பதினெட்டாயிரம் ஆவதும், அந்தப் பதினெட்டாயிரம் ஒரு அறிவிப்பில் ‘செல்லாமல்’ போவதும் இரண்டு தனி விஷயங்கள் அல்ல, ஒரே உறவின் இரண்டு முகங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

1

தோழர்கள் கேட்கலாம்: ஒப்பந்தத் தொழிலாளி எட்டு மணி நேர வேலைக்கே அல்லாடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஐ.டி. பையன்களின் பொம்மை விளையாட்டைப் பற்றி எழுதுவது என்ன நியாயம்? நியாயமான கேள்விதான். ஆனால் பண்டத்தின் மாயத்தன்மையை விளக்க மார்க்ஸ் பீரங்கியையோ தங்கச் சுரங்கத்தையோ அல்ல, ஒரு மர மேசையைத்தான் எடுத்துக்கொண்டார். எங்கே பயன்மதிப்பு மிகக் குறைவோ அங்கே மற்ற மதிப்புகள் பளிச்சென்று தெரியும். பொம்மையால் உழவும் முடியாது, உடுக்கவும் முடியாது. விதி ஒன்றுதான் அதற்கு உயிர். அதனாலேயே விதிக்கும் விலைக்குமான உறவைப் பார்க்க இது வசதியான இடம்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு பெரிய மேசை. அதன்மேல் குன்று, காடு, இடிந்த கோட்டை. இருவர் ஆளுக்கொரு படையை நிறுத்துகிறார்கள். எலும்புக்கூடுகள், குள்ளர்கள், பூதங்கள், டிராகன்கள். அளவுகோலால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி அடிதடி. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு ‘புள்ளி’ உண்டு. இருவரும் 2000 புள்ளிக்குப் படை கட்டுவது என்று பேசிக்கொண்டால், அதற்குள் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், சில கட்டுப்பாடுகளோடு. இந்த வகையில் உலகில் பெரியது ‘வார்ஹாமர்’. 1975-இல் லண்டனில் தொடங்கி இப்போது நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனி 1983-இல் வெளியிட்டது.

தொடக்கத்தில் விதியும் பொம்மையும் ஒரே கையில் இருக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த போர் விளையாட்டு அதிகாரிகளின் பயிற்சிக்கானது. 1913-இல் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சின்னப் புத்தகம் எழுதினார். எந்தக் கடையில் வாங்கிய ஈய வீரர்களையும் வைத்து விளையாடலாம். 1971-இல் அமெரிக்காவில் வந்த ‘செயின்மெயில்’ விதிகளின் பின்னிணைப்பில்தான் மாயாஜாலமும் டிராகனும் முதலில் ஒழுங்காக நுழைந்தன. அதை எழுதியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் பின்பு 1974-இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கொண்டுவந்தார். அவர் வட்டத்தில் விளையாட ஏற்ற பூதப் பொம்மைகள் இல்லை. மலிவுக் கடையில் பையில் போட்டு விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் மிருகங்களை வாங்கிவந்து, ‘இது இரும்பைத் துருவாக்கித் தின்னும் மிருகம்’ என்று ஒன்றுக்குப் பேர் வைத்து விதி எழுதிவிட்டார்கள். அது இன்றும் அந்த விளையாட்டில் இருக்கிறது. அதாவது கையில் இருந்த சில்லறைப் பொம்மைக்கு விளையாடியவனே விதி எழுதினான். நாம் பார்க்கப்போவது இதன் தலைகீழ்.

2

தலைகீழானது எப்படி? இதற்குப் பதில் விதிப்புத்தகத்தில் இல்லை, டூல் ரூமில் இருக்கிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவை வெள்ளை உலோகம், ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை (1990-களின் பிற்பகுதியில் ஈயத்தை நீக்கினார்கள்). ரப்பர் வட்டில் அச்சு எடுத்து, சுழலும் மெஷினில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ரப்பர் அச்சு மலிவு, ஆயுளும் குறைவு. ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் உலோகம் செலவு. இந்த முறையில் இருநூறு, முந்நூறு விற்றாலும் கட்டுப்படியாகும். பெரிய உருவம் மட்டும் செய்ய முடியாது: எடையில் இறக்கை தொங்கும், பசை தாங்காது.

பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இந்தக் கணக்கைக் கவிழ்க்கிறது. இங்கே உருப்படி ஒன்றுக்குப் பைசாக் கணக்குதான். ஆனால் முதல் உருப்படி விழுவதற்கு முன்பே ஸ்டீல் மோல்டுக்கு லட்சக்கணக்கில் கொட்டியாகவேண்டும். பெரிய பொம்மையில் சிக்கல் இன்னும் கூடும். தடிமனாக ஊற்றினால் உள்ளே சுருங்கி மேலே குழி விழும்; ஆகவே டிராகன் உடம்பை மெல்லிய ஓடுகளாகப் பிரிக்கவேண்டும். மோல்டு திறக்கும்போது கொக்கி போல மாட்டிக்கொள்ளும் இடத்தை ‘அண்டர்கட்’ என்போம். ஒவ்வொரு நகத்திலும் கொம்பிலும் அண்டர்கட். ஆகவே ஒரு தலையே நாலு துண்டாகும். துண்டு கூடக்கூட சட்டம் பெரிதாகும், மோல்டு பெரிதாகும், அதைக் கவ்விப் பிடிக்க அதிக டன் மெஷின் வேண்டும். செதில் வேலையெல்லாம் எலக்ட்ரோடு வைத்து ஸ்பார்க்கில் அரிக்கவேண்டும். ஓசூரில் ஆட்டோ பாகங்களுக்கும் வாட்ச் பாகங்களுக்கும் மோல்டு செய்த எவருக்கும் இது புரியும். மோல்டு என்பது முன்கூட்டியே செலவழித்த உழைப்பு. அது ரேக்கில் சும்மா கிடக்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு வட்டி.

என் கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன், கணக்கு மட்டுமே: மோல்டுக்கு ஐம்பது லட்சம் என்று வைத்துக்கொண்டு பத்தாயிரம் பேருக்கு விற்றால் தலைக்கு ஐந்நூறு ரூபாய். பிளாஸ்டிக், டப்பா, மெஷின் நேரம், சம்பளம் எல்லாம் சேர்த்து ஆயிரம் என்று தாராளமாகவே வைப்போம். பதினெட்டாயிரத்தில் மிச்சம்? இறக்குமதி வரி கொஞ்சம் (பொம்மைகள் மீதான சுங்கவரியை இந்திய அரசு 2020-இல் 20 சதத்திலிருந்து 60 ஆகவும் 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது), கடைக்காரர் பங்கு கொஞ்சம். அப்புறமும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்புவது கதையும் விதியும்தான். இந்தப் பூதத்துக்கு ஒரு வரலாறு உண்டு, மேசையில் அதற்கு ஒரு பலம் உண்டு என்ற அங்கீகாரம். இதே கம்பெனியின் பிசின் வார்ப்புப் பிரிவு 2015-இல் கொண்டுவந்த ராட்சத யந்திரம் ஒன்றுக்கு உடல், தலை, கைகள் என்று தனித்தனியாக வாங்கினால் ஆயிரம் பவுண்டுக்கு மேல். 2023-24 நிதியாண்டில் கம்பெனியின் வரிக்கு முந்தைய லாபம் 20 கோடி பவுண்டைத் தாண்டியது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளின் வரிசையில் சேர்ந்தது. தொழிற்சாலை, கடை, பத்திரிகை, கதை, விதி எல்லாம் ஒரே கையில்.

3

இனி விதிக்கு வருவோம். ஒரு உதாரணம் போதும்.

2010-இல் வந்த வார்ஹாமர் எட்டாம் பதிப்பில் ஒரு கட்டுப்பாடு: ‘பிரபு’ வகைத் தலைவர்களுக்கு மொத்தப் புள்ளியில் 25 சதத்துக்கு மேல் செலவழிக்கக்கூடாது. சிப்பாய்கள்தான் படை என்ற கருத்து அதில் இருந்தது. 2014-இல் நாகாஷ் என்ற பிரேத மந்திரவாதியின் மிகப் பெரிய பிளாஸ்டிக் உருவம் வெளிவந்தது. அவனுக்குப் புள்ளி 1000. பழைய விதிப்படி அவனை மேசையில் இறக்கவேண்டுமானால் 4000 புள்ளிப் படை வேண்டும். அவ்வளவு பெரிய ஆட்டம் யாரும் சாதாரணமாக ஆடுவதில்லை. என்ன ஆயிற்று? அதே சமயத்தில் பிரபுக்களுக்கான வரம்பு 50 சதமாக உயர்த்தப்பட்டது. இப்போது 2000 புள்ளி ஆட்டத்திலேயே நாகாஷ் நிற்கலாம். பொம்மை விதிக்குள் அடங்கவில்லை. விதி பொம்மையின் அளவுக்கு விரிந்து கொடுத்தது.

இதே போலத்தான் எதிர்காலப் போர் விளையாட்டான ‘வார்ஹாமர் 40,000’-இலும். ராட்சத டாங்கிகளுக்கு 2007-இல் ‘அபோகலிப்ஸ்’ என்று தனிப் புத்தகம். பிரியப்பட்டவர் மட்டும் ஆடலாம். 2013 கடைசியில் ஒரு பின்னிணைப்பு, அவற்றைச் சாதாரண ஆட்டத்துக்குள் அனுமதித்தது. 2014-இல் ஏழாம் பதிப்பின் மைய விதியிலேயே அவற்றுக்கு இருக்கை போட்டாகிவிட்டது. திண்ணை, ரேழி, கூடம் என்று படிப்படியாக வீட்டுக்குள் வந்த கதை.

சின்னச் சிப்பாய்கள் முந்நூறு ரூபாய்ப் பொம்மைகளாக நாற்பது பேர் நின்ற இடத்தில் ஒரு பதினெட்டாயிரம் நிற்கிறது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் ஒருவன் இறக்கினால் எதிராளியும் அதற்குப் பதில் சொல்ல ஒன்று வாங்கியாகவேண்டும். கட்டாயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தோற்றுக்கொண்டே இருக்கலாம், அது உங்கள் சுதந்திரம்.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. 2015-இல் கம்பெனி தன் கற்பனை உலகத்தையே கதையில் அழித்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்ற புதிய விளையாட்டு. விதி நாலே பக்கம், இலவசம், புள்ளிக் கணக்கே கிடையாது. சதுர அடிக்கட்டைகள் போய் வட்ட அடிக்கட்டைகள். (ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: பழைய பொம்மைகளுக்கும் அப்போது இலவசமாக விதித்தாள் கொடுத்தார்கள்.) ஆட்டம் தடுமாறியது. 2016-இல் புள்ளிகள் திரும்பி வந்தன, விற்பனைப் புத்தகமாக. பிறகு 2018, 2021, 2024 என்று மூன்று ஆண்டுக்கு ஒரு பதிப்பு. 2018-இல் புதிதாக வந்த சில சிப்பாய் வகைகள் 2024-இல் விலக்கப்பட்டன.

என்னைப் போன்ற மோல்டுக்காரனை உறுத்துவது எகிப்திய சாயலுள்ள ‘டூம் கிங்ஸ்’ படையின் கதை. 2011-இல் அதற்குப் பெரிய ஸ்பிங்ஸ் உருவம் பிளாஸ்டிக்கில் வந்தது. 2016-இல் படை முழுவதும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. 2024 ஜனவரியில் பழைய உலகத்தையே ‘தி ஓல்டு வேர்ல்டு’ என்று மறுபடி திறந்தபோது முதலில் எழுந்து வந்த படைகளில் அதுவும் ஒன்று; அதே ஸ்பிங்ஸ் மறுபடி டப்பாவில் விற்பனைக்கு. நடுவில் எட்டு வருஷம். ஸ்டீல் தேயவில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்த மோல்டு எட்டு வருஷம் என்ன, முப்பது வருஷமும் கிடக்கும். வாங்கியவன் வீட்டு அலமாரியிலும் ஸ்பிங்ஸ் அப்படியேதான் இருந்தது. மாறியது பொருள் அல்ல, பொருளைச் ‘செல்லும்’ என்று சொல்லும் வாய். 2016 நவம்பர் 8 இரவு நம் சட்டைப்பையிலிருந்த ஐந்நூறு ரூபாய்த் தாளும் கிழியவில்லை, நனையவில்லை. மறுநாள் காலை சிப்காட் வாசலில் டீக்கடைக்காரர் வாங்க மறுத்தார்.

அக்கா மகனிடம் சொன்னேன்: “சிலிக்கான்ல அச்சு எடுத்து பிசின்ல ஊத்தித் தர்றேன்டா. ஐந்நூறு ரூபாய்க்குள்ள முடியும். உன் கண்ணாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.”

“கம்பெனி போட்டியில காப்பி செல்லாது மாமா.”

அதே உருவம், அதே அளவு, அதே செதில். ஆனாலும் செல்லாது. அப்படியானால் அவன் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கியது பொம்மையை அல்ல. மேசையில் நிற்கும் உரிமையை. அதுவும் கிரயம் அல்ல, வாடகை. விதி மாறும்போது குத்தகை முடிகிறது.

4

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘பெரிய பொம்மையை விற்க வேண்டுமென்றே விதியைத் திருத்துகிறார்கள்’ என்று ஒரு சதிக்கோட்பாடாக இதைச் சுருக்கிவிடக்கூடாது. புதிதாக வந்த பல பொம்மைகள் மேசையில் சொத்தையாக இருந்திருக்கின்றன. விதியில் ஓட்டை விழுந்தால் அடைக்கச் சொல்லி ஆடுபவர்களே கத்துகிறார்கள். 2021 முதல் கம்பெனி சில மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திருத்தம் வெளியிடுவது அந்தக் கூச்சலின் விளைவும்தான். பெரிய டிராகனை என் அக்கா மகன் ஆசைப்பட்டுத்தான் வாங்கினான். நாற்பது இரவு உட்கார்ந்து பெயிண்ட் அடித்தான். அந்த உழைப்பும் அவனுடையது. விதி மாறும்போது அவன் இழப்பதில் பணத்தைவிட அந்த நாற்பது இரவுகள் அதிகம் என்று நினைக்கிறேன். பிரச்சனை விதி மாறுவதில் இல்லை. விதி மாறாத விளையாட்டு எது? சதுரங்கத்தின் மந்திரி ஒரு கட்டம் மட்டும் குறுக்கே நகர்ந்தவர். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அவர் பலகை முழுக்கப் பாயும் ராணியானார். ஆனால் அந்த மாற்றத்தால் எவர் வீட்டு மந்திரிக் காயும் செல்லாமல் போகவில்லை. புது ராணி வாங்கச் சொல்லி யாரும் வரவில்லை. யார் மாற்றுகிறார், மாற்றினால் யார் கையிலிருந்து எது போகிறது என்பதுதான் கேள்வி.

‘அப்படியானால் நம் பழைய விளையாட்டுக்களுக்குத் திரும்புவோம்’ என்று கிளம்புபவர்கள் உண்டு. ஆடுபுலி ஆட்டம்: மூன்று புலி, பதினைந்து ஆடு. தரையில் கரிக்கோடு, காய்க்குப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும். காய் தொலைந்தால் குனிந்து இன்னொன்று பொறுக்கலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடித் திண்ணையில் நான் ஆடியிருக்கிறேன். தகராறு வந்தால் சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள், தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ. விதி யாருக்கும் சொந்தமில்லை.

இதுவரை எழுதும்போது எனக்கே இனிக்கிறது. ஆனால் அந்தத் திண்ணையில் சேரிப் பையன்கள் ஏறக்கூடாது. என் அக்கா ஏறக்கூடாது. அவர்கள் தெருவில் நின்று எட்டிப் பார்க்கலாம். அதுவும் ஒரு விதிதான். கரிக்கோட்டில் வரையாத, யாரும் அச்சடித்து விற்காத, எந்தப் பதிப்பிலும் மாறாத விதி. காய் இலவசமாக இருந்தது, இடம் இலவசமாக இல்லை. நாட்டிங்ஹாம் மேசைக்குப் பணம் நுழைவுச்சீட்டு. எங்கள் திண்ணைக்குப் பிறப்பு. ஆகவே ‘பொதுச்சொத்து’ என்று பழையதைக் கும்பிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

5

வேறு வழி? அதே 2015-இல் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். உலகத்தை அழித்துவிட்டோம் என்று கம்பெனி சொன்னபோது பலர் ஆட்டத்தை விட்டார்கள். சிலர் விடவில்லை. ஐரோப்பாவில் போட்டிகள் நடத்திவந்த ஆட்டக்காரர்கள் கூடி, ‘தி நைந்த் ஏஜ்’ என்று தாங்களே விதி எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். எந்தக் கம்பெனிப் பொம்மையையும் அதில் வைக்கலாம். பழைய பதிப்புகளையே ஆடிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. ஒன்பது வருஷம் கழித்து கம்பெனி பழைய உலகத்தை மறுபடி திறந்ததற்குப் பல காரணம் இருக்கலாம். அந்தச் சதுர அடிக்கட்டைகளை மேசையிலிருந்து எடுக்க மறுத்தவர்கள் இல்லாவிட்டால் திறந்து விற்க ஆளேது?

பொம்மையும் பிழைப்பும் ஒன்றல்ல. ஆட்டத்தை விட்டு எழுந்துபோகலாம், ஷிப்டை விட்டுப் போகமுடியாது. இந்த வித்தியாசத்தை மறக்காமலே ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. மூன்றே நாளில், தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு, நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். விதி என்றால் தமிழில் சட்டமும்தான், தலையெழுத்தும்தான். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு, மேலிருந்து வரும் ஒரு விதி பத்து நாளில் திரும்பியது என்பதைச் சொல்லி வைத்துக்கொள்வது அவசியம்.

டிராகன் இறக்கைக்கு உள்ளே பித்தளைக் கம்பி கொடுத்து ஒட்டினேன். ஒட்டிய கோடு தெரியத்தான் செய்கிறது. போட்டிக்கு அவன் அதைக் கொண்டுபோவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குக் கொண்டுவருகிறான். சர்ஃபேஸ் பிளேட் வைத்த மேசைக்குப் பக்கத்தில் பழைய பிளைவுட் பலகை போட்டு ஆடுகிறார்கள். என்னிடம் வேலை பார்க்கும் ஒடிசா பையன் ரிஜெக்ட் ஆன ஸ்விட்ச் மூடிகளைச் சிப்பாய்களாக நிறுத்துகிறான். மூன்றாவது வாரம் அவன் கேட்டான், அரைத் தமிழில்: “அண்ணா, டிராகன் ஏன் பன்னெண்டு இன்ச் போகுது? இறக்கை ஒடைஞ்சதுதானே?”

அக்கா மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். விதிகளை எழுதி வைத்த ஜாப் கார்டின் பின்பக்கத்தை எடுத்து, பன்னிரண்டை அடித்து எட்டு என்று பென்சிலால் எழுதினான். அந்த அட்டை ஷெட்டில்தான் தொங்குகிறது; வருகிறவர்கள் திருத்தலாம். என் அக்காவை ஒருநாள் ஆடக் கூப்பிட்டிருக்கிறேன்.